பேச்சியம்மாவுக்கு ஒரு நாள்

சுசிலாவின் பையில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஒரு நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த படிவம். அதை எழுதிய புண்ணியவான் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியிருக்க வேண்டும். 1998இல் வன்னியில் போரும் பொருள் தடையுமாக விளக்குக்கு மண்ணெண்ணெயே கிடையாது. அவர் என்னவென்றால் இல்லத்தில் தொலைக்காட்சி உண்டா என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, சுசிலா இல்லம் இல்லமாகச் சைக்கிளை மிதித்தாள்.

அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். தகப்பன் ஸ்ரனிஸ்லஸ் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்த வருடம் தாயும் காய்ச்சலில் கண்ணை மூட, பதினொரு வயதில் கன்னியர் நடத்திய இல்லத்துக்கு வந்து, பதினெட்டு வயதுவரை அங்கேதான் வளர்ந்தாள். உள்ளே இருந்தவளுக்கு உள்ளே நடப்பது தெரியும் என்றுதான் ஆய்வுக்கு அவளை எடுத்தார்கள். அது சரியான கணிப்புத்தான்.

சித்திரை நடுவில் ஜெயபுரத்துப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் போனாள். ஓலைக் கொட்டில்களில் அறுபத்து மூன்று பிள்ளைகள். பொறுப்பாக இருந்தவர் பத்மாசனி ரீச்சர். "சாப்பாடு வயித்துக்குக் காணுதோ?" என்று கேட்டதும், "ஓம் அக்கா, காணும்," என்று வரிசை முழுக்க ஒரே குரலில் சொன்னது. சுசிலாவுக்குச் சிரிப்பு வந்தது. இதே ராகத்தில் இதே பதிலை அவளும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்.

ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. பிரேமிளா, பத்து வயது. அவள் பாவாடையைப் பிடித்தபடி ஐந்து வயதுத் தங்கை நின்றாள்.

"அவளை விடுங்கோ," என்றார் பத்மாசனி. "வைகாசி பிறக்க வேற இல்லத்துக்கு அனுப்பப்போறன். செத்த ஆக்களின்ரை நினைவு நாளுக்கெண்டு சனம் இஞ்சை வந்து சாப்பாடு குடுக்கிறது. இந்தப் பஞ்சத்திலை அது பெரிய உதவி. இவள் அண்டைக்கு மட்டும் கை நனைக்கமாட்டாள். போன கிழமை, குடுத்த மனுசிக்கு முன்னாலையே கோப்பையைத் தள்ளிவிட்டாள். அந்த மனுசி அழுதுகொண்டு போச்சு. இனி ஆர் வருவினம்?"

"தங்கச்சியும் கூடப் போறாவோ?"

"அங்கை ஒரு ஆளுக்குத்தான் இடம்."

சுசிலா படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். பிரேமிளா அடுத்த நாள் சாப்பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவளும் பக்கத்தில் இருந்து பொறுக்கினாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரைச் சுளகு முடியும்போது பிள்ளையே வாய் திறந்தாள்.

"நாளைக்கு ஆருக்காம்?"

"ஒரு ஐயாவுக்காம், ரீச்சர் சொன்னவ. ஆண்டுத் திவசம்," என்றாள் சுசிலா.

"படம் கொண்டந்து மாலை போட்டு வைப்பினம். நாங்கள் தேவாரம் படிக்கவேணும். பிறகு நன்றிப் பாட்டு." ஒரு கல்லைத் தூக்கி வெளியே எறிந்தாள். "எல்லாற்றை அம்மாவுக்கும் நான் படிச்சிட்டன். எங்கட அம்மாவுக்கு ஆர் படிச்சவை? அவாவுக்குக் குடுக்காமல் நான் மற்றாக்களின்ரையைத் தின்னமாட்டன்."

அம்மா பேச்சியம்மா, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடியபோது வழியில் செத்துப்போனாள். தெருவோரம் குழி வெட்டித் தாட்டார்கள். படம் இல்லை, திகதியும் பிள்ளைக்குத் தெரியாது.

சுசிலா வளர்ந்த கன்னியர் இல்லத்தில், நவம்பர் மாதம் மரித்தவர்கள் நாளில், ஆளுக்கொரு மெழுகுதிரி கொடுப்பார்கள். உன்னுடைய ஆட்களுக்கு நீயே கொளுத்து என்பார்கள். அன்றைக்கு அது வெறும் மெழுகுதிரி. அவர்கள் தனக்கு என்ன தந்தார்கள் என்பது இந்தச் சுளகுக்கு முன்னால்தான் அவளுக்கு விளங்கியது. நல்லாயிருக்க வேண்டும் அந்தப் பெண்கள்.

பத்மாசனியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "எங்கட வேதத்திலை செத்தவை எல்லாரையும் நினைக்க ஒரு நாள் இருக்கு. உங்கட சமயத்திலை இல்லையோ ரீச்சர்?"



"இருக்கு. சித்திராப் பௌர்ணமி, தாயில்லாத ஆக்கள் விரதம் பிடிக்கிற நாள். திகதி தெரிஞ்சாலும் ஒண்டு, தெரியாட்டியும் ஒண்டு. இன்னும் பத்து நாளிலை வருது."

"இஞ்சை செய்யிறேல்லையோ?"

"நான்தான் வேண்டாமெண்டு விட்டனான். தாயில்லாத பிள்ளையள் மட்டும் நாற்பத்தொரு பேர். எல்லாம் ஒண்டாய் அழத் தொடங்கினால் நான் என்ன செய்வன்? என்ரை அம்மாவுக்கு நானே அறைக்குள்ளை ஒளிச்சிருந்துதான் விரதம் பிடிக்கிறனான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பிள்ளைக்குக் கொழுப்பெண்டெல்லோ நினைச்சன், பாவி நான்."

அன்று மாலை சுசிலா படிவத்தின் அடியில் நாற்பத்து மூன்றாவது கேள்வியைக் கையால் எழுதினாள்: நீங்கள் யாரை நினைத்துக் கும்பிட விரும்புகிறீர்கள்? மேலிடத்தில் முதலில் முணுமுணுத்தார்கள். அடுத்த முறை அச்சடித்தபோது அதையும் சேர்த்தார்கள்.

பௌர்ணமியன்று பத்து மைல் மிதித்து மத்தியானத்துக்கு வந்து சேர்ந்தாள். பெரிய கிடாரத்தில் அரிசியும் தேங்காய்ப்பாலுமாகக் கஞ்சி. படங்கள் இல்லை, ஒரு செம்பில் தண்ணீர், மேலே செவ்வரத்தம்பூ. தாயில்லாத ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து தாயின் பெயரைச் சொன்னது. பத்மாசனி பயந்த மாதிரியே அழுதார்கள். அழுது முடிந்ததும் பசித்தது.

அகப்பையைப் பிரேமிளாவிடம் கொடுத்தார்கள். அவள், சாப்பாடு கொடுக்க வருபவர்கள் நிற்பது போலவே நிமிர்ந்து நின்றாள்.

"எங்கட அம்மா பேச்சியம்மாவின்ரை நினைவாய்க் குடுக்கிறம். எல்லாரும் வயிறாரக் குடியுங்கோ."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழகிய வழக்கத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று நன்றிப் பாட்டைப் பாடினார்கள். பிரேமிளாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு கைகூப்பினாள். அவளை வேறு இல்லத்துக்கு அனுப்ப எழுதிய கடிதத்தைப் பத்மாசனி அன்று காலையே அடுப்பில் போட்டிருந்தார். அதற்கு மேல்தான் கஞ்சி கொதித்தது.

எல்லாருக்கும் வார்த்து முடித்து, கடைசியில் சுசிலாவிடம் வந்தாள்.

"அக்கா, உங்கட அம்மாவின்ரை பேர் என்ன?"

எத்தனையோ படிவங்களில் அந்த இடத்தில் 'காலமாகிவிட்டார்' என்று எழுதிப் பழகியவள் சுசிலா. வாயால் சொல்லிப் பதின்மூன்று வருடம்.

"திரேசம்மா," என்றாள்.

"அப்ப அவாவுக்கும் சேர்த்து," என்று சொல்லிப் பிரேமிளா இன்னும் ஒரு அகப்பை வார்த்தாள். பிறகு தனக்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, தங்கைக்குப் பக்கத்தில் இருந்து குடித்தாள்.