வெக்கட்டா?

ஏழுமலை, நீ அம்மாவின் குரலைத் திருடினாய். அவள் பேச்சிழந்து கட்டிலில் கிடந்த மாதங்களில், அவளுடைய பழைய பேச்சை எடுத்து, அவளே அன்றன்று பேசுகிற மாதிரி எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய். நான் அதற்குப் பதில் பேசினேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். இதை வீட்டுக்குள் பேசித் தீர்க்கத்தான் பார்த்தேன். நீ எழுந்து போய்விட்டாய். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் அக்காவுக்கு நாசூக்காக எழுத வராது, அது உனக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை என் தம்பி. எங்கள் ஊர் பாகூர் பக்கம் சோரியாங்குப்பம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்படித்தான் பாரிசுக்கு வெளியே இருக்கிற இந்த ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தேன். ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. வந்த புதிதில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்டார்கள். குளிர் பழகிவிட்டது. எந்திரங்கள் பேசுவதுதான் இன்றுவரை பழகவில்லை. லிஃப்ட் எந்த மாடி என்று சொல்கிறது. பஸ் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறது. கடையில் காசு வாங்குகிற எந்திரம் ‘மெர்சி’ என்கிறது. அரசாங்க ஆபீசுக்குப் போன் செய்தால் ஒரு பெண் ‘ந ராக்ரோஷே பா’ என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறாள். போனை வைத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அவள் என்றைக்கோ அதைப் பேசிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டவள். உயிருள்ள மனிதர்கள் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். பகல் முழுக்கச் செத்த குரல்களுக்கு நடுவில் வேலை செய்துவிட்டு, வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் குரலைக் கேட்பேன். அது ஒன்றுதான் உயிருள்ளது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் போன் அறிமுகமானது பண்ணைக்காரர் வீட்டு ஜன்னலில். அப்பா அப்போது சென்னையில் கட்டிட வேலையில் இருந்தார். பாகூரில் அம்மா வேலை செய்த பண்ணை வீட்டுக்குத்தான் அவர் போன் செய்ய முடியும். ஆள் வந்து சொன்னதும் அம்மா கழனியிலிருந்து சேற்றுக் காலோடு ஓடுவாள். உள்ளே விடமாட்டார்கள். ஒயரை இழுத்து, ரிசீவரை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டுவார்கள். அந்த வீட்டம்மா பக்கத்திலேயே நின்று, “வேற போன் வரும், வை வை” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா இரண்டு பேரிடமும் அனுமதி கேட்க வேண்டும். அப்பாவிடம் “வெக்கட்டா?” என்பாள். வீட்டம்மாவிடம் “வெக்கட்டாங்க?” என்பாள். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருப்பேன். இரண்டு பேரும் சரி என்று சொல்லும்வரை அவள் ரிசீவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு செல்போன் வந்தது. கீழே வைப்பதற்கு ஒன்றும் இல்லை, விரலால் தொட்டால் போதும். ஆனாலும் அம்மா “வெக்கட்டா?” என்று கேட்காமல் ஒரு நாளும் பேச்சை முடித்ததில்லை. அப்புறம் எனக்கு வேலை நேரம் ஒத்துவராமல் போனது. நான் ஓய்வாக இருக்கும்போது அங்கே அவள் தூங்கியிருப்பாள். அதனால் வாய்ஸ் மெசேஜ் என்று ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அது வரமாக இருந்தது. “இன்னாடி, சாப்ட்டியா? அங்க குளுரா? பசங்க இஸ்கோலு போச்சா? இங்க வெயிலு மண்டயப் பொளக்குது. ஏழு வந்துட்டான், சோறு போடணும். வெக்கட்டா?” எதிர்முனையில் ஆளே இல்லை. ஆனாலும் கேட்பாள். கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் காத்திருப்பாள். அந்த இடைவெளியும் பதிவாகி வரும். நான் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு “வைம்மா” என்று வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சொன்ன பிறகுதான் அவள் வைத்த மாதிரி இருக்கும் எனக்கு.

மாசி மாதத்தில் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது. ஏழுவிடம் கேட்டேன். “ரூம்ல ஒக்காந்து பேசுதுக்கா, எதிரொலிக்குது” என்றான். முகத்தைக் காட்டு என்றேன். “கண்ணு ஆபரேசன் பண்ணி இருக்குது, வெளிச்சம் ஆவாதுன்னு டாக்டரு சொன்னாரு” என்றான். நம்பினேன். ‘நீ நம்பியதும் தப்பு, அதையும் எழுது’ என்று என் புருஷன் சொல்கிறார். எழுத மாட்டேன். பெற்றவள் குரல் காதில் கேட்கும்போது அது பெற்றவளா என்று சோதித்துப் பார்க்கிற புத்தி எனக்கு எதற்கு வரவேண்டும்?

வைகாசியில் பிடிபட்டது. கடலில் தடைக்காலம், மீனே வரவில்லை, தினம் கோழிதான் என்று ஏழுவே குடும்ப குரூப்பில் புலம்பியிருந்தான். அந்த வாரம் அம்மாவிடமிருந்து வந்த வாய்ஸில், பின்னால் பூரணாங்குப்பத்து மீன்காரியின் மொபெட் ஸ்பீக்கர் கேட்டது. “வஞ்சிரம், வவ்வாலு, பெரிய சங்கரா” என்று கூவிக்கொண்டு போனது. அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு “இன்னாடி வெல?” என்று அவளைக் கேட்டாள். போட் எதுவும் கடலுக்குப் போகாத மாதத்தில் பெரிய மீன் எங்கிருந்து வந்தது? கையில் படுக்கை விரிப்போடு ஓட்டல் அறையில் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு ஒரு வாய்ஸ் அனுப்பினேன். “எம்மா, என் பேரச் சொல்லு. இன்னிக்கி இன்னா கெழமன்னு சொல்லு.” மறுநாள் பதில் வந்தது. “இன்னாடி, சாப்ட்டியா? அங்க குளுரா?” வெளியே வெயில் எரிந்துகொண்டிருந்தது. ஏழு போனை எடுக்கவில்லை. அவன் மனைவி செல்வி எடுத்தாள். “வந்துட்டுப் போ அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, கார்த், புதுப்பித்து என் கைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கிளம்பினேன்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் முதலில் வந்தவள் எதிர் வீட்டு தனம் அத்தை.

“வந்துட்டியா பிரான்சுக்காரி? போன்ல சிரிச்சிச் சிரிச்சிப் பேசன, நேர்ல இன்னாத்துக்கு அழுவுற?”

“இன்னா அத்த சொல்ற?”

“தெரியாத மாரி கேக்காத. ஒங்கம்மா வாயி கோணிக் கெடக்குது, நீ மீன் கொழம்பு வெச்சியாம்மான்னு கேக்குற. தெருவே கேட்டுக்கினுதான இருந்துது.”

உள்ளே போனேன். அம்மாவின் வலது பக்கம் முழுக்க அவளுடையதாக இல்லை. என்னைப் பார்த்ததும் கண் பெரிதானது. வாயைத் திறக்க அவள் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. கடைசியில் ஒரு சொல் வந்தது. “வெக்கட்டா?” கடல் தாண்டி வந்து நிற்கிறேன், பெற்றவள் வழியனுப்புகிறாளே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்விதான் தூக்கினாள். “அது ஒண்ணுதான் அண்ணி வருது. பசிச்சாலும் அதான், ஒண்ணுக்கு வந்தாலும் அதான். வாயில ரொம்பப் பழகன சொல்லு மட்டும் மிஞ்சும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க.” ஒரு ஆயுள் முழுக்கப் பேசிய பேச்சில் அவளுக்கு மிஞ்சியது, அடுத்தவர் வீட்டுப் போனை வைக்க அனுமதி கேட்டுப் பழகிய சொல்.

ஏழு தெருக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தான். அம்மாவின் துணி.

“ஏன்டா?” என்றேன்.

“கார்த்து வர்ற வரிக்கும் அங்கேந்து நவுர முடியாதுன்னு நீதானக்கா சொன்ன? சொல்லிருந்தா இன்னா பண்ணுவ? ஒக்காந்து அழுவ.”

“அழுதுட்டுப் போறன். அது என் அழுவ. ஒனக்கு இன்னா?”

“கார்த்து வந்ததும் சொல்லலாம்னு இருந்தன்.”

“வந்துது. சொன்னியா?”

அவன் துணியைப் பிழிந்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான். “இத்தினி மாசம் கேட்டியே, வித்தியாசம் தெரிஞ்சிதா ஒனக்கு? சாப்ட்டியா, குளுரா, வெக்கட்டா. அவ்ளோதான நீங்க ரெண்டு பேரும் பேசறது? அதுக்கு ஆளு எதுக்குக்கா? போனே போதும்.”

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். அம்மாவைக் கழுவினான், துடைத்தான், தூக்கிச் சுமந்தான். அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை இன்னும் விடவில்லை. அறை அறையாகச் சுத்தம் செய்துகொண்டே அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், அந்தப் பேச்சில் சேதி ஒன்றும் இல்லை. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று தெரிந்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்குக் கேட்டாள் என்பதுதான் சேதி. நேற்றுத்தான் உலை வைத்தோமே என்று இன்றைக்கு யாராவது அடுப்பை மூட்டாமல் இருப்பார்களா? சொல் ஒன்றேதான், அதைச் சொன்ன நாள் வேறு. போனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என்றைக்கோ பேசியதையும் இப்போது பேசியதையும் அது ஒரே மாதிரி வரிசையில் அடுக்கி, தேதி போட்டு, எனக்குக் காட்டும். போனுக்குத் தெரியாது, சரி. தம்பிக்குமா தெரியாது?

எப்படிச் செய்தான் என்பதைச் செல்விதான் சொன்னாள். அக்காவுக்குத் தெரியும், குரூப்பில் அதைப் பேசி அவளை அழவைக்காதீர்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தானாம். பழைய வாய்ஸை அப்படியே அனுப்பினால் ஃபார்வர்டு என்று அம்பு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தன் போனில் அதைப் போட்டு, அம்மாவின் போனில் மறுபடி பதிவு செய்தான். சிக்னல் எடுப்பது அம்மாவின் கட்டில் பக்கம்தான். ஆக, வாய் பேசாத அம்மா படுத்துக்கொண்டு, தன் குரல் எனக்குப் பேசுவதைக் கேட்டாள். அவள் கேட்காத கேள்விகளுக்கு நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதையும் கேட்டாள். அப்போதெல்லாம் “வெக்கட்டா, வெக்கட்டா” என்று கத்துவாளாம். ஏழு தலையைத் தடவி, “இரும்மா, அக்கா பேசுது” என்பானாம். மிச்சமிருக்கிற ஒரே சொல், அதைத்தானே சொல்லும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு நேரத்தில் அந்தச் சொல் அதனுடைய அர்த்தத்திலேயே வந்திருக்கும். அதைக் கீழே வை என்று சொல்லியிருப்பாள்.

திரும்பி வந்ததும், கூட வேலை செய்கிற சில்வி ஏன் முகம் இப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அம்மா இப்போது பேசுவதில்லை என்றேன். அவள் என் தோளைத் தட்டினாள். ‘சா வா பாஸே’, எல்லாம் சரியாகிவிடும், என் அம்மாவும் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை, பூ அனுப்பு என்றாள். சண்டை என்று நினைத்துவிட்டாள். திருத்துவதற்கு என்னிடம் சொல் இல்லை. ‘மெர்சி’ என்றேன்.

இப்போது வாய்ஸ் மெசேஜ் யார் அனுப்பினாலும் கேட்காமலே அழித்துவிடுகிறேன். ஆள் வேண்டும், நேரில் எடுத்துப் பேசு என்கிறேன். சனி ஞாயிறுகளில் அம்மாவின் கட்டில் பக்கம் போனைச் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு, இங்கே என் சமையலறையிலும் போனைத் திறந்தே வைத்திருப்பேன். பேசுவதில்லை. அவள் “வெக்கட்டா?” என்று இழுத்தால் தண்ணீர், வெட்டினால் வலி, மெதுவாகக் கேட்டால் நான் இருக்கிறேனா என்று கேட்கிறாள். “வெக்காதம்மா” என்பேன். இங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் சோரியாங்குப்பத்துக்குப் போகிறது. அங்கே மீன்காரி கூவுவது ஆறாவது மாடியில் ஒலிக்கிறது. கீழ்வீட்டுக் கிழவர் துடைப்பத்தால் மேலே குத்துகிறார். அந்த நேரத்தில் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏழு, உன்னிடம்தான் மறுபடி வருகிறேன். என் போனில் அம்மாவின் வாய்ஸ் குவிந்து கிடக்கிறது. எதுவரை அவள், எதிலிருந்து நீ என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சு ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குழறித்தான் போனது என்கிறாள் செல்வி. ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. சின்னம்மாவுக்கு அவள் அனுப்பியது, மாமாவுக்கு அனுப்பியது, எல்லாவற்றிலிருந்தும் எடுத்து எனக்குப் போட்டிருக்கிறாய். சிலது கிணறு மாதிரி கேட்டது, சிலதில் நீ கைதேர்ந்துவிட்டாய். அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது எது? கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாய். அங்கே குரூப்பில் சின்னம்மா, ‘பெத்தவ கெடக்கறப்ப சிரிச்சவ’ என்று என்னைப் பற்றிப் போட்டாள். நீ பார்த்தாய். டிக் நீலமானது. அக்காவுக்குத் தெரியாது என்ற ஒரு வரி உனக்கு வரவில்லை.

அதே குரூப்பில், சின்னம்மா, மாமா, தனம் அத்தையின் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற அதே இடத்தில், அக்காவுக்குத் தெரியாது என்று சொல். எந்த நாளில் வந்தது அம்மா தானாகப் பேசிய கடைசிப் பேச்சு என்று சொல். நிஜமாகவே ஞாபகம் இல்லை என்றால், அதை யாரும் இனிமேல் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டேன் என்று சொல். எழுதிப் போடாதே, வாய்ஸும் அனுப்பாதே, எல்லோரையும் ஒன்றாகப் போனில் கூப்பிடு. கைகூப்புகிற பொம்மை போடாதே. வாயைத் திறந்து சொல். உனக்கு வாய் இருக்கிறது.