குச்சியின் நுனி மட்டும்

'நிறுத்து' என்கிற பெயர் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலில் வந்தது, பெரியக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம். சின்ன மாமாதான் செய்தி கொண்டுவந்தார். "பஸ் டிப்போவில டயர் செக்‌ஷன். கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. எல்லாரும் நிறுத்துன்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். அப்பா வாயிலிருந்த டீயை அப்படியே வைத்துக்கொண்டு, பிறகு விழுங்கிவிட்டுக் கேட்டார். "எதை நிறுத்துவான்? கல்யாணத்தையா?" உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியக்கா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பாதிச் சம்மதம் முடிந்தது என்று அம்மா பிற்பாடு சொல்வாள்.

டிப்போவுக்குப் பின்புறம் ஒரு மல்யுத்த மன்றம் உண்டு. தகரக் கூரை, நடுவில் ரப்பர் மெத்தை, மூலையில் எடை பார்க்கும் இயந்திரம். அது எப்போதும் இரண்டு கிலோ கூட்டியே காட்டும். அங்கே அவர் நடுவர். வாலிபத்தில் அவரும் மல்லுக்கட்டியவர்தான். ஒருநாள் தோள்பட்டை இறங்கிவிட்டது, வீம்புக்கு எதிராளி விடவில்லை, நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. தோள் ஆறியதும் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். விசில் பேருக்குத்தான். வாயைத் திறந்து "நிறுத்து!" என்று ஒரு சத்தம் போட்டாரென்றால் பக்கத்துக் கடையில் டீ ஆற்றுகிறவருக்கே கை நின்றுவிடும்.

முப்பத்து நாலு வருஷம் சம்பளம் இல்லாமல் அந்த வேலையைப் பார்த்தார். மன்றத்துச் சுவர் முழுக்கப் படங்கள். ஜெயித்தவன் படம், ஜெயித்தவனின் குரு படம், கோப்பை கொடுத்த பெரிய மனிதர் படம். ஒரு படத்தில் தோற்றவன்கூட இருக்கிறான், கீழே கிடக்கிறான். நடுவர் படம் மட்டும் ஒன்றும் கிடையாது. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

டிப்போ வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, மூடிக்கிடந்த நூற்பாலையை யாரோ டிவிக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ரோமாபுரியில் அடிமைகளைக் கத்தி கொடுத்து மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்களே, அந்த கிளாடியேட்டர் கதை, தொடராக. ஆலைக்குள் லாரி லாரியாக மணல் கொட்டி, பிளைவுட்டிலும் தெர்மோகோலிலும் பெரிய வட்ட அரங்கம் கட்டினார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று மன்றத்தில் கேட்க, முப்பது பேர் போனார்கள். நிறுத்தும் போனார். வீட்டில் இருந்தால் பெரியக்கா ஜன்னல் கம்பியைத் துடைக்கச் சொல்லுவாள்.

எது சரி, எது தப்பு என்று பார்க்க ஒரு சரித்திர டீச்சரையும் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்த அம்மாள், கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கயிறு, கையில் தடிப் புத்தகம். சொல்வதை ஒருவரும் கேட்பதில்லை. முகத்தை மூடும் தலைக்கவசம் போடணும் என்றார், ஹீரோ முகம் தெரியாதே என்றார்கள். கட்டை விரலைக் கீழே காட்டினால் சாவு என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது என்றார், அது இல்லாமல் இந்தக் கதையே கிடையாது என்றார்கள். நடுவர் ஒருத்தர் இருந்தே ஆகணும் என்று அவர் மூன்றாம் தடவை வந்து நின்றபோது, டைரக்டர் தலையை நிமிர்த்தாமலே, "சரி சரி, யாராவது ஒரு பெரியவரை ஓரமா நிக்க வைங்க" என்று விட்டுவிட்டார்.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்து, "யாருக்காவது நடுவர் வேலை பழக்கம் உண்டா?" என்றார். முப்பது கையும் ஒரே ஆளைக் காட்டின.

நிறுத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏம்மா, அடிச்சுக்கிட்டுச் சாகறதுதானே அங்க ஆட்டமே? அதுக்கு எதுக்கு நடுவர்?"

"அப்படித்தான் காட்டிக் காட்டி நம்ப வெச்சிட்டாங்க ஐயா. வருஷக்கணக்குல சோறு போட்டு, வைத்தியம் பார்த்துப் பழக்கின ஆளை, ஒவ்வொரு ஆட்டத்துலயும் சாகக் கொடுத்தா முதலாளிக்குக் கட்டுபடி ஆகுமா? தோத்தவங்க நிறையப் பேர் உயிரோட திரும்பியிருக்காங்க. முடியலைன்னா ஒரு விரலைத் தூக்குவாங்க. நடுவர் உடனே குச்சியை நடுவில நீட்டுவார்." புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். தரையில் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்துச் செய்த படம். இரண்டு பேர் மோதுகிறார்கள். நடுவில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர், தோளிலிருந்து கீழே வரைக்கும் இரண்டு பட்டைக் கோடு, கையில் நீளக் குச்சி.

"இவரையும் படத்துல போட்டிருக்காங்களா?"

"ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு மேல அங்கதான் நிக்கிறார் ஐயா."

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். "படம் போட்டிருக்காங்கடி. நடுவருக்கு!"

"இத்தனை வருஷத்துல உங்களை ஒருத்தன் படம் பிடிக்கல. இனியாவது பிடிக்கட்டும்" என்றாள் பெரியக்கா. "தலைக்குச் சாயம் பூசிவிடட்டுமா?"

"ஏன், ரோமாபுரியில எவனுக்கும் நரைக்காதா?"

போன் பேசுவதென்றால் எட்டிக்காயாகக் கசக்கிற மனிதர், அந்த வாரம் சொந்தத்தில் ஒருவரையும் விடவில்லை. சின்ன மாமாவின் மருமகன், அத்தை மகள் இரண்டு பேர், பேச்சுவார்த்தை இல்லாமல் ஒன்பது வருஷமாக இருந்த சொந்தத் தம்பி வரைக்கும் சொல்லிவிட்டார். "ஓரத்துல இல்லை, நடுவுல நிக்கிறேன்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்த டீச்சர், ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை என்று சிரித்தாராம். மோதுகிறவர்களின் காலைப் பார்த்தே நிறுத்து நகர்வாராம். நாலாம் நாள்தான் வினை.

அன்றைக்குக் கதைப்படி ஹீரோ எதிராளியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, கத்தியை ஓங்க வேண்டும். எதிராளியாக விழுந்தவன் ஒரு சினிமாச் சண்டைக்காரன், இதே தொழிலில் பதினைந்து வருஷம் அடிவாங்கிப் பழகினவன். விழுந்த வேகத்தில் அவன் தலைக்கவசம் திரும்பி, அதன் தோல்பட்டை கழுத்தில் ஏறிவிட்டது. அவன் மணலிலிருந்து கையை எடுத்து ஒரு விரலைத் தூக்கினான். ஹீரோ நல்ல வேகத்தில் இருந்தார். டைரக்டர், "அழுத்து, அழுத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த விரல் அன்றைய கதையில் கிடையாது. நிறுத்துக்கு அது தெரியும். கை நடுங்குவது நடிப்பா நிஜமா என்பதும் தெரியும், எத்தனை கைகளைப் பார்த்தவர்! குச்சியை ஹீரோவின் மார்புக்குக் குறுக்கே நீட்டி ஒரு தள்ளுத் தள்ளினார்.

"நிறுத்து!"

ஆலையே ஒரு கணம் நின்றது. மேலே விளக்கு பிடித்துக்கொண்டிருந்தவன் விளக்கை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

டைரக்டர் ஓடிவந்தார். "யோவ் பெரியவரே! யார் உன்னை நிறுத்தச் சொன்னது? மூணு கேமரா ஓடிட்டிருக்கு, தெரியுமா?"

"விரலைத் தூக்கினான் தம்பி. மூச்சு முட்டுது அவனுக்கு."

"அவன் நடிக்கிறான்யா!" டைரக்டர் கீழே குனிந்தார். "ஏம்ப்பா, உனக்கு எதாவது ஆச்சா?"

சண்டைக்காரன் எழுந்து உட்கார்ந்து பட்டையைத் தளர்த்தினான். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவன் நிறுத்தைப் பார்க்கவில்லை, டைரக்டரின் ஷூவைப் பார்த்தான். "ஒண்ணுமில்லை சார். நடிச்சேன் சார்."

"கேட்டியா?"

டீச்சர் நடுவில் வந்து, "அவர் செஞ்சதுதான் சார் சரியான சரித்திரம்!" என்றதற்கு, டைரக்டர், "உங்க சரித்திரத்தை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா. இவரையும் சேர்த்து" என்றார். நிறுத்து அங்கியைக் கழற்றி மடித்து ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, தன் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெரியக்காதான் வாசலில் வைத்துச் சரிபண்ணிவிட்டாள்.

"மூணு நாள் எடுத்தது இருக்கில்ல? அதைக் காட்டித்தானே ஆகணும்" என்றாள்.

"ஆமா, அது இருக்கு" என்றார். ஏழு மாதம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொடர் வந்த ஞாயிறு சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். சோபாவில் பெண்கள், தரையில் ஆண்கள், கதவு நிலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். அரங்கம் வந்தது, கூட்டம் வந்தது, மோதல் வந்தது. வந்து, முடிந்தும் போயிற்று. நடுவில் மணல்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் அவரைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில், ஹீரோ திரும்பும்போது, திரையின் ஓரத்தில் இரண்டு விரற்கடை அளவு குச்சி எட்டிப்பார்த்தது.

"அதோ! அதோ என் குச்சி!" என்று எழுந்தார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

தம்பி தொண்டையைச் செருமினார். "குச்சி நல்லா நடிச்சிருக்குண்ணே."

யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியக்கா எழுந்துபோய் எல்லோருக்கும் இன்னொரு தடவை டீ போட்டாள், யாரும் கேட்காமலே.

அதோடு தொலைந்ததா என்றால், வெந்த புண்ணில் வேல் பாய்ந்த கதையாக, அடுத்த வாரம் அவர் மருமகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். தொடரில் உள்ள தப்புகளைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஒருவனின் வீடியோ. ஹீரோ முகத்தை மூடாமல் மோதியதைச் சொல்லவில்லை, கட்டை விரலைச் சொல்லவில்லை. முதல் தப்பு என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியது அந்தக் குச்சி நுனியை. "நண்பர்களே, ரோமாபுரி அரங்கத்துல தரை துடைக்கிற மாப்புக் கட்டை! சரித்திரம் தெரியாதவங்க எடுத்தா இப்படித்தான்."

நிறுத்து அதை நாலு தடவை போடச் சொன்னார். முகம் கறுத்துவிட்டது. "இருந்ததைத் தப்புங்கறான், இல்லாததைச் சரிங்கறான்! எழுதும்மா. அது நடுவர் குச்சின்னு எழுது."

மருமகள் எழுதினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அவள் படிக்கத் தயங்கினாள்.

"படி."

"'ஐயா, நீங்க அங்க இருந்தீங்களோ?'ன்னு கேக்கறாங்க மாமா."

"இருந்தேன்னு போடு!"

அவள் போட்டாள். இருநூறு பேர் சிரித்து வைத்தார்கள். அதன்பிறகு அந்தப் போன் பக்கமே அவர் போவதில்லை. டீச்சர் மட்டும் அந்த வீடியோவுக்குக் கீழே இரண்டு பக்கம் எழுதினாராம். அதை எத்தனை பேர் படித்தார்களோ.

ஒரு மாதம் கழித்து, மன்றத்துக்கு அந்தச் சண்டைக்காரன் வந்தான். ஆட்டம் முடியும்வரை மெத்தை ஓரத்தில் நின்றான். கையில் பழைய துணி சுற்றிய நீளப் பொட்டலம். அந்தக் குச்சிதான், சாமான் குவியலிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"அன்னைக்கு நிஜமாத்தான் தூக்கினேன் ஐயா."

"எனக்குத் தெரியாதா? அதை அந்த ஆள்கிட்ட சொல்லியிருக்கணும். எட்டு மாசம் கழிச்சு என்கிட்ட வந்து சொல்றே."

"சொல்லியிருந்தா மறுநாள் என்னையும் வேண்டாம்னிருப்பாங்க."

நிறுத்துக்குக் கோபம் இறங்கவில்லை. விசிலைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, ஷூவோட மெத்தையை மிதிக்காதே. கழட்டிட்டு வந்து உக்காரு" என்றார்.

குச்சியைப் பெரியக்கா வாங்கி, அதிலேயே கூடத்து ஜன்னலுக்குத் திரை மாட்டிவிட்டாள். அளவு சரியாக இருந்ததாம்.

இப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. பெரியக்காவோடும் மகன், மருமகளோடும் டிப்போவுக்கு எதிர்வரிசை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறார். புதனும் சனியும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மன்றத்துக்குப் போகிறார். முழங்கால் மடங்காததால் மெத்தை ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.