அறையிசை விருதும் ஐஞ்சாவது கதிரையும்

சிவனேஸ்வரி எனக்கு மச்சாள், என்ரை மனிசன்ரை தமக்கை. ஆளைப் பற்றிச் சொல்லவேணுமெண்டால் முதல்லை அவான்ரை சந்தேகத்தைச் சொல்லவேணும். பால்காரன் வந்தால் போத்திலை வெயிலிலை தூக்கிப் பாப்பா. மில்லிலை நெல்லுக் குத்தக் குடுத்தால் கடைசித் தவிடு விழுமட்டும் பக்கத்திலை நிப்பா. ஒரு கலியாண வீட்டிலை பொம்பிளையின்ரை தாலிக்கொடியைத் தொட்டுப் பாத்து, "முலாமோ?" எண்டு கேட்டு என்ரை மானத்தை வாங்கினவா. கூட்டுறவுச் சங்கக்கடையிலை கனகாலம் சாமான் நிறுத்த ஆள், பழக்கதோசம் எண்டு என்ரை மனிசன் சொல்லுவார். எனக்கெண்டால் அவா பிறக்கேக்கையே மருத்துவிச்சியை ஒரு மாதிரித்தான் பாத்திருப்பா.

ஆனால் காது! அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவன். சின்ன வயசிலை வயலின் படிச்சவா. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வயலின் எங்கையோ போச்சு, காது மிஞ்சினது. நான் குசினியிலை அகப்பையை வைக்கிற சத்தத்திலையே இண்டைக்குப் புருசன் பெண்சாதிக்குள்ளை சண்டை எண்டு பிடிச்சுப்போடுவா.

இந்தக் காதையும் சந்தேகத்தையும் நம்பித்தான் ஐயாத்துரை அண்ணை அறையிசை விருதை அவான்ரை கையிலை குடுத்தவர். இரணைமடுக் குளத்துத் தண்ணியிலை எங்களுக்குப் பக்கத்து வயல் செய்தவர், இப்ப கனடாவிலை. சண்டை முடிஞ்சு சில வருசத்தாலை திருவிழாவுக்கு வந்தார். எங்கடை ஆக்கள் ஆளுயர ஸ்பீக்கர் அடுக்கிக் கீபோட்டிலை அடிச்ச அடியிலை அவருக்குக் காது இரைஞ்சு நித்திரையில்லை. வெளிநாட்டிலை நாலைஞ்சு பேர் ஒரு அறைக்குள்ளை முகத்தை முகம் பாத்து இருந்து, மைக்கும் மேடையும் இல்லாமல் வாசிக்கினமாம். அதைப் பதிவு செய்தால் விருதும் இருக்காம். வன்னியிலையும் அப்பிடி ஒண்டு குடுப்பம் எண்டு அவர் துவங்கினதுதான் இது. "சோழியன் குடுமி சும்மா ஆடாது, உதிலை அவருக்கு என்ன லாபம்?" எண்டது மச்சாளின்ரை முதல் கேள்வி. பிறகு பொறுப்பைத் தானே எடுத்தா. வேறை ஆரும் எடுத்தால் களவு நடக்குமாம்.

முதல் வருசம் வந்தது ஒரேயொரு பதிவு. ஜெயபுரத்திலை இருந்து, நாதஸ்வரமும் தவிலும், சின்ன அறையொண்டிலை கதவைச் சாத்திப்போட்டு. ஐயோ! கேட்ட நடுவர்மார் தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவை. வேறை போட்டியில்லாதபடியால் குத்துவிளக்கைக் குடுத்து அனுப்பினம். அடுத்த முறை வெண்டது சேர்ச்சிலை வாசிக்கிற வேதக்காரக் குழு. அவை குத்துவிளக்கைப் பாத்து முழுசின முழுசிலை, அதோடை கேடயமாய் மாத்தினது.

மூண்டாம் முறைதான் வில்லங்கம். வவுனியாப் பக்கத்துப் பெடியள் அனுப்பின பதிவிலை வயலின் உருகி ஓடினது. கேடயம் வாங்க வந்த வயலின்காரன்ரை இடக்கையை மச்சாள் மேடையிலை வைச்சே பிடிச்சுப் பாத்தா. பெடியன் நகம் வளத்திருக்கிறான்! "உந்த நகத்தோடை எப்பிடியடா தந்தியை அமத்தினனீ?" எண்டா. விசாரிச்சால், கொழும்பிலை இருந்து ஆரையோ பிடிச்சு வாசிப்பிச்சுப்போட்டு, இவனைப் படத்துக்கு மட்டும் நிப்பாட்டியிருக்கினம். கேடயம் திரும்பி வந்தது. அண்டைக்கு மச்சாள் போட்டதுதான் சட்டம். வாசிச்ச ஒவ்வொருத்தற்றை பேரையும் சொல்லவேணும், ஒரு பேரை ஒளிச்சாலும் பதிவு தள்ளுபடி. அவா நேரை போய்ப் பாத்துச் சரி எண்டால்தான் சரி.

பிறகு கொரோனா, அதுக்குப் பிறகு பெற்றோல் வரிசை. விருதும் எங்களைப் போலை படுத்துக் கிடந்து எழும்பினது. போன வருசம் முல்லைத்தீவுக் கடற்கரையிலை இருந்து ஒரு பதிவு வந்தது. அல்பேர்ட் எண்டவர் ஆர்மோனியம், அவற்றை மகள் ஆன்சலா வயலின், சொந்தக்காரர் ரெண்டு பேர் புல்லாங்குழலும் மிருதங்கமும். பெரிய வெள்ளிக்குச் சேர்ச்சிலை பாடுற மெட்டொண்டை, பாட்டில்லாமல் வாசிச்சிருந்தினம். மச்சாள் கேட்டு அழுதா. கண்ணைத் துடைச்ச கையோடை, "இவ்வளவுக்கு அழவைக்கிறாங்கள், உதுக்குள்ளை என்னவோ இருக்கு" எண்டா. திரும்பத் திரும்பக் கேட்டுப்போட்டு என்னைக் கூப்பிட்டா.

"கமலா, உதிலை ரெண்டு வயலின். ஒரு வில்லு எழும்ப முன்னம் மற்ற வில்லு விழுகுது. ஒரு பெட்டை ரெண்டு வில்லு இழுப்பாளோ? ஸ்கூட்டியை எடு."

முன்கூட்டிச் சொல்லிப்போட்டுப் போற பழக்கம் அவாவிட்டை இல்லை. சொன்னால் கள்ளன் கழுவி வைச்சிடுவானாம். பரந்தன் றோட்டாலை வெயில் குடிச்சுக்கொண்டு போய்ச் சேர்ந்தம். மீன்வாடிக்குப் பக்கத்திலை ஒராள் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தார். "அல்பேர்ட் வீடு எதண்ணை?" எண்டன். "அல்பேர்ட்டோ? அப்பிடி ஒராளை நான் கேள்விப்படேல்லை" எண்டார். அந்த நேரம் உள்ளையிருந்து ஒரு பொம்பிளை, "இஞ்சாருங்கோ அல்பேர்ட், ஆர் அது?" எண்டு கேட்டா. மனிசன் தலையை நிமித்தவேயில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சாளுக்கு வரேல்லை.

விருதுக்காறர் எண்டு சொன்னாப்பிறகு அல்பேர்ட்டும் அவற்றை மனிசி புனிதமும் ஓடி ஓடி உபசரிச்சினம். வாசிக்கிற இடத்தையும் காட்டிச்சினம். மீன் கொம்பனி ஒண்டு விட்டிட்டுப் போன ஐஸ் அறை அது. தடிச்ச சுவர், கனத்த கதவு. சாத்தினால் கடலிரைச்சல் உள்ளை வராது. நாலு பேரும் வந்து இருந்து வாசிச்சினம், நல்லாய்த்தான் வாசிச்சினம். மச்சாளின்ரை கண் கதிரையளிலை நிண்டது. வட்டமாய் ஐஞ்சு கதிரை.

"உந்த ஐஞ்சாவது கதிரை ஆருக்கு?"

"அது சும்மா, உடுப்புப் போட" எண்டா புனிதம்.

மச்சாள் துவங்கிவிட்டா. "உண்மையாய் எத்தினை பேர் கூடிறனீங்கள்? எந்தெந்த நாள்? கதவை ஏன் பூட்டிறனீங்கள்? வெளிநாட்டிலை இருந்து உங்களோடை கதைக்கிறது ஆர்? இஞ்சை வந்து போற மற்ற ஆள் ஆர்?"

நாலு முகமும் செத்துப்போச்சு. கடவுளே, இந்தக் கேள்வியள் அவைக்குப் புதுசில்லை! மோட்டச்சைக்கிளிலை வாற சிஐடிக்காறர் கேக்கிற அதே கேள்வி, அதே ஒழுங்கு. நான் மச்சாளின்ரை முழங்கையிலை கிள்ளினன். அவா தட்டிவிட்டா.

"மடியிலை கனமில்லாட்டி வழியிலை என்ன பயம்?" எண்டா.

புனிதம் நிமிந்து பாத்தா. "அம்மா, அது உங்கடை பக்கத்துக் கதையாய் இருக்கும். இஞ்சை மடியிலை ஒண்டுமில்லாதவைக்குத்தான் பயம்."

"அப்ப சரி. நாலெண்டு சொல்லி ஐஞ்சு பேர் வாசிச்சிருக்கிறியள். பேரை வெட்டிறன்" எண்டு மச்சாள் எழும்பினா. ஆன்சலா விம்மத் துவங்கினாள். அப்பதான் வாசல்லை ஒரு பெடியன் வந்து நிண்டான். பெடியன் எண்டாலும் முப்பது தாண்டியிருக்கும்.

"வெட்டாதேங்கோ. ரெண்டாவது வயலின் நான்தான். வின்சன், இவையின்ரை மூத்த மகன்" எண்டான்.

தாய் பாய்ஞ்சு போய்க் கதவைச் சாத்தினா. கதவிலை சாய்ஞ்சுகொண்டுதான் கதை சொன்னா. சண்டை முடியேக்கை அவனுக்குப் பதினேழு. இயக்கத்திலை இருந்தவனெண்டு பிடிச்சு வைச்ச புனர்வாழ்வு முகாம் முடிச்சு வந்து கடலுக்குப் போனவன், கலியாணம் இல்லை, ஒரு கரைச்சலும் இல்லை. எண்டாலும் ஊரிலை ஒரு இலை அசைஞ்சால் அவனைத்தான் தேடி வருவினம். கடைசியாய் ஆரோ எடுத்த கலியாணவீட்டுப் படத்திலை நாலு சிநேகிதரோடை நிண்டதுக்கு, சின்ன விசாரணை எண்டு கூட்டிக்கொண்டு போனவை. மாதக்கணக்காய்ப் பிள்ளை எங்கை எண்டே தெரியேல்லையாம். "பூட்டின அறை, வெளிநாட்டுக் காசிலை விருது, அதுக்குள்ளை இவன்ரை பேர். திரும்பவும் கொண்டுபோனால் நான் எங்கை போய்த் தேடுறது? உங்கடை காலிலை விழுறன் அம்மா. நாலெண்டே இருக்கட்டும்."

வின்சன் ஐஞ்சாவது கதிரையிலை போய் இருந்தான். தாயைப் பாக்கேல்லை. "என்ரை பேரைப் போடுங்கோ. இவ்வளவு காலமும் அது விசாரிக்க வாறவையின்ரை கொப்பியளிலைதான் இருக்கு. ஒருக்கா ஒரு பாட்டிலை இருக்கட்டும். பயந்து பயந்து எனக்கு அலுத்துப்போச்சு."

பிறகு அவன் வாசிச்சான். அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மச்சாள் முகம்கூடக் கழுவேல்லை. சாப்பிடவுமில்லை. ஐயாத்துரை அண்ணைக்குப் போன் எடுத்தா. "நேரை போய்ப் பாத்தன். நாலு பேர்தான். என்ரை பொறுப்பு" எண்டா. சாமான் நிறுக்கேக்கை ஒரு கிராம் தளம்ப விடாத மனிசி!

கிளிநொச்சியிலை விழா நடந்தது. நாலு பேரைக் கூப்பிட்டினம், நாலு பேர் வந்து வாங்கிச்சினம். ரெண்டாமிடம் வந்த குழுவிலை பிரசாந்தன் எண்டொருத்தன் எழும்பி, "அதிலை ரெண்டு வயலின் கேக்குது! சிவனேஸ்வரி அக்கா எத்தினை பாசல் கருவாட்டுக்குக் காதை வித்தவா?" எண்டான். சனம் சிரிச்சது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிசி, ஊர் தன்னைச் சந்தேகப்பட ஒரு சொல்லுச் சொல்லாமல் இருந்தா. அவன்ரை வாயிலை மண்ணை அள்ளிப் போடவேணும்போலை எனக்கு ஆத்திரம். பேசினது காணாதெண்டு பேஸ்புக்கிலையும் போட்டுவிட்டான்.

அந்தக் கிழமையே ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளிலை வந்தினம். நல்ல மரியாதை. போனிலை அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, "அம்மா, நீங்கள் பெரிய காதுக்காறியாம். ரெண்டாவது வயலின் ஆர்?" எண்டு கேட்டினம்.

மச்சாள் காதுக்குப் பின்னாலை கையை வைச்சா. "என்ன தம்பி? கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ. எனக்கு இப்ப காது கேக்கிறேல்லை. அதாலைதான் விழாவிலையும் பிழைபட்டது."

அவை திரும்பத் திரும்பக் கேட்டினம், குரலை மாத்திக் கேட்டினம். அவா அசையேல்லை. போனாப்பிறகு அவா உடனை கனடாவுக்கு எடுத்து, காது போச்சு, வேறை ஆளைப் பாருங்கோ எண்டு விருதையும் விட்டிட்டா. அண்டு துவக்கம் சந்தையிலையும் கோயில்லையும் செவிடுதான். ஆர் பாக்கினமோ, ஆர் கேக்கினமோ எண்டு வீட்டு முத்தத்திலையும் போனிலையும்கூட என்னைக் கத்த வைக்கிறா.

ரெண்டு மாதத்தாலை ஒரு பின்னேரம் போன் வந்தது. நான் தள்ளி நிண்டனான், எனக்கே தெளிவாய்க் கேட்டது.

"அம்மா, நான் வின்சன். உங்களை நம்பித்தானே கேட்டனான். ஏன் என்ரை பேரைப் போடேல்லை?"

"ஆர்? ஆர் கதைக்கிறது?" எண்டு மச்சாள் கத்தினா.

"வின்சன் அம்மா. வின்சன். ரெண்டாவது வயலின்..."

"கேக்கேல்லை தம்பி. அப்பிடி ஒராளை எனக்குத் தெரியாது. பிழையான நம்பர்." வைச்சுப்போட்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஈவிரக்கம் இருக்கோ? அவன் கேட்டது ஒரு பேர்! அவன் இனிச் சாகுமட்டும் உங்களை வெறுக்கப் போறான்" எண்டு உண்மையாகவே கத்தினன்.

மச்சாள் போனை நிப்பாட்டி, சீலைத்தலைப்பாலை முகத்தைத் துடைச்சா. பிறகு எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா.

"வெறுக்கட்டும் கமலா. வெறுக்கிறதுக்கும் ஆள் வீட்டிலை இருக்கவேணுமெல்லோ."