கேக்குக்குக் கூலி

விலை சொல்லும்போது பிரிஸ்கில்லா எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள். கூரையைப் பார்ப்பாள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் யாரோ எழுதி ஒட்டியதைப் படிப்பதுபோல, "கிலோ நானூத்தம்பதுக்கா... வெண்ணெ ஏறிடுச்சு, மைதாவும் ஏறிடுச்சு, இன்னா பண்றது" என்பாள். கேட்டவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் போதும், அவளே ஐம்பது குறைத்துவிடுவாள்.

சாலவாக்கம் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஏரியை ஒட்டிய காலனியில் அவளுடைய வீடு. இரண்டு அறை. ஒன்றில் அவளும் கணவன் செந்தமிழனும் மகளும் படுத்தார்கள். இன்னொன்று ஓவனுக்கு. ஷூ கம்பெனியில் ஆறு வருடம் தோல் தைத்துவிட்டு நின்றபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் வாங்கியது அது. உத்திரமேரூரில் பத்து நாள் கேக் வகுப்புக்கும் போய் வந்தாள். அங்கே ரோஜாப்பூ வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் ரோஜாப்பூ கேட்கவில்லை.

தினேஷ்குமார் போலீஸில் தேர்வானபோது அவன் வீட்டார் தொப்பியும் லத்தியும் கேட்டார்கள். ஆடு வளர்க்கும் முனியன், தன் கிடா நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில் அதே கிடாவைக் கேட்டார். இடது கொம்பு சற்று வளைந்திருக்க வேண்டும் என்றார். நெல் அறுக்கும் மிஷின் வாங்கியவருக்கு மிஷின் மட்டும் போதவில்லை, அதன் சக்கரத்தில் சேறு வேண்டும். பிரிஸ்கில்லா சாக்லேட்டைக் காய்ச்சிச் சேறு அப்பினாள். வந்தவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஏரி சேறுதாம்மா இது" என்றார். அன்றைக்குச் சந்தோஷத்தில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ஆனால் மாதம் முடிந்தால் கையில் நிற்பது கம்பெனிச் சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை. கம்பெனியில் அவளோடு தைத்த ஷீபா இப்போது லைனுக்குப் பொறுப்பாளர். போன் செய்தாள். "ஒரு எடம் காலியா கீது. ஒண்ணாந்தேதி வரைக்கும் புடிச்சு வெக்கறேன். அதுக்குள்ள வரேன், வரலைன்னு ஒண்ணு சொல்லிடு."

செந்தமிழன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "ஒன் கையி, ஒன் இஷ்டம். ஆனா புள்ளைக்கு பீஸ் கட்டணும்" என்று மட்டும் சொன்னான். பிரிஸ்கில்லாவுக்குக் கம்பெனிக்குத் திரும்பப் போக விருப்பமில்லை. பசை வாசனை இன்னும் தலைமுடியில் இருப்பதுபோல் அவளுக்குச் சில நாள் தோன்றும். கேக்கை வைத்துச் சாப்பிட முடிந்தால் இருக்கலாம். முடியாவிட்டால் ஒன்றாம் தேதி பஸ் ஏறவேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஞானசுந்தரி ஒரு கூடையோடு வந்தாள்.

ஞானசுந்தரி மூன்றாம் வீடு. நடவு ஆட்களுக்குத் தலைவி. அவள் கூலி பேசி முடிக்காமல் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி சேற்றில் கால் வைக்க மாட்டாள். பேரனுக்கு முதல் பிறந்தநாள். கூடையைத் தரையில் வைத்தாள்.

"இந்தா. நாட்டுக்கோயி முட்ட ஆறு. மைதா ஒரு கிலோ. வெண்ணெ எங்க மாட்டுது. சக்கர ரேஷன். அது ஏறிடுச்சு இது ஏறிடுச்சுன்னு எந்நேரமும் அயுதுக்கினு கீறியே, அதான் சாமான நானே குடுத்துட்டேன். இப்ப கூலி எவ்ளோ?"

நெல்லை மில்லில் கொடுத்தால் அரைவைக் கூலி. துணியைக் கொடுத்தால் தையல் கூலி. அவள் கேட்டதில் தப்பே இல்லை. பிரிஸ்கில்லா கூரையைப் பார்த்தாள். வெண்ணெயும் இல்லை, மைதாவும் இல்லை. அங்கே படிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"நீயே பாத்துக் குடுக்கா."

ஞானசுந்தரி பார்த்துக் கொடுத்தது ஐம்பது ரூபாயும் ஒரு படி வேர்க்கடலையும்.

ஒரே வாரத்தில் வாசலில் கூடைகள் சேர்ந்துவிட்டன. வீட்டு வெண்ணெயில் மோர் நின்றது, கேக் களியாக வந்தது. ரேஷன் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறத்தது. மைதா உடம்புக்கு ஆகாது என்று ஒருத்தி கேழ்வரகு மாவைக் கொண்டுவந்து, அதே கேக் வெள்ளையாக வேண்டும் என்றாள். மில்லில் தன் அரிசி அடுத்தவர் அரிசியோடு கலந்துவிடாமல் காவல் நிற்பதுபோல் ஓவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். "ஆறு முட்டையும் போட்டியா? ஓட்ட எடுத்து வைம்மா, எண்ணிக்கிறேன்" என்றார் ஒருவர்.

"கேக்கு வூடு போயி மாவு மில்லு ஆயிடுச்சு" என்றான் செந்தமிழன். "ஒரு மோட்டார் வாங்கிப் போட்டா மொளகாத்தூளும் அரைக்கலாம்."

"சிரிச்சிக்கினே இரு. ஒண்ணாந்தேதி நான் பஸ் ஏறுனதும் நீ ஒக்காந்து அரை."

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஒரு தையல்காரரின் கடைத் திறப்புக்குக் கேக் செய்து, மடியில் வைத்துக்கொண்டு செந்தமிழனின் ஆட்டோவில் போனாள். ஏரிக்குக் கீழே ஆண்டாளம்மாளின் வயலில் சம்பா நடவு. மண் வழியை மறித்து நாற்றுக்கட்டுகள் கிடந்தன. செந்தமிழன் வண்டியை நிறுத்தினான். வரப்பில் குடை பிடித்து ஆண்டாளம்மாள். எதிரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஞானசுந்தரி.

"நாத்து என்னுது, எரு என்னுது, ஏர் ஓட்டுனது என் காசு. நீ வெறுங்கைய வீசிக்கினு வந்துட்டு ஏக்கருக்கு ஐயாயிரம் கேக்கறியே."

"நாத்து உங்களுதுதாம்மா. குனியற முதுகு எங்களுது. அந்த முதுகையும் கடையில வாங்கியாந்து குடுங்க, சும்மாவே நட்டுத் தரோம்."

பெண்கள் சிரித்தார்கள். ஆண்டாளம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குடையைத் தாழ்த்தினாள். "சரி, எறங்கித் தொலைங்க."

"பதினோரு மணிக்கு டீ. வடை ஆளுக்கு ரெண்டு."

"அதான பாத்தேன். கடைசியில வடையில வந்து நிப்பியே." அப்போதுதான் ஆட்டோவைப் பார்த்தாள். "யாரு, பிரிஸ்கில்லாவா? மடியில இன்னாடி, கொயந்தையா?"

"கேக்கும்மா."

மூடியைத் திறந்து காட்டச் சொன்னாள். கறுப்புத் தையல் மிஷின். ஊசியில் நூல்கூடக் கோத்திருந்தது. பன்னிரண்டு பேரும் முழங்கால் சேறோடு ஆட்டோவைச் சுற்றிக்கொண்டார்கள்.

ஆண்டாளம்மாள் யோசித்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு ஞாயித்துக்கெயம எழுபது முடியுது. ஓமம் ஆனதும் கேக்கு வெட்டணும்னு பேரப்பசங்க நிக்குதுங்க. நாலு கிலோ. முட்ட ஆவாது. அவரு டிராக்டர் மேல ஒக்காந்திருக்கற மாதிரி பண்ணிடு. தலையில முடி கொஞ்சம் வெச்சுடு, பாவம். சாமான் குடுத்து அனுப்பறேன், இப்ப அப்பிடித்தானே செய்றியாம். கூலி எவ்ளோ?"

பிரிஸ்கில்லா தலையை உயர்த்தினாள். கூரை இல்லை. கொக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. தலையைத் தாழ்த்தினால் பன்னிரண்டு ஜோடிச் சேற்றுக் கால்கள். இதே வயலில் இந்த வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள். யாருடைய நாற்று, நாற்று என்ன விலை என்று அப்போது ஒருநாளும் நினைத்ததில்லை. கம்பெனியிலும் தோல் கம்பெனியுடையதுதான். கேக்குக்கு வந்த பிறகுதான் வெண்ணெயையும் மைதாவையும் விற்றுக்கொண்டு, கையை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆண்டாளம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"கூலி மட்டும் கிலோவுக்கு நானூறும்மா."

"நானூறா!"

கத்தியது ஆண்டாளம்மாள் இல்லை, ஞானசுந்தரி. "எனக்கு அம்பது ரூவாய்க்குத்தானேடி செஞ்ச?"

"நீ பாத்துக் குடுத்தக்கா. நான் கேக்கல. இப்ப கேக்கறேன். உனக்குக் கீற மாதிரி எனக்கும் ஒரு முதுகு கீது."

சிரித்த சிரிப்பில் ஒருத்தி நாற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"முந்நூறு" என்றாள் ஆண்டாளம்மாள். "அதே ஜாஸ்தி. வூட்ல ஒக்காந்துக்கினு செய்யற வேல. வெயிலா, மயையா?"

கூலியைக் குறைக்கும் குரல் அது. முப்பது வருடமாக அந்தக் குரல் வரும்போதெல்லாம் ஞானசுந்தரியின் கை தானாக இடுப்புக்குப் போகும். இப்போதும் போனது.

"இன்னாம்மா, வெயில் இல்லியா? அந்த ஓவன் முன்னாடி ஒரு அவரு நின்னு பாருங்க, தெரியும். நாலு கிலோன்னா ரெண்டு முழு நாளு. அதுல டிராக்டரு வேற. ஐயாவுக்கு இல்லாத எடத்துல முடி வேற நடணும். அது எங்க நடவ விடக் கஷ்டம்மா! நானூறு குடுத்துடுங்க."

"ஒன்ன யாருடி கேட்டா?"

"ஆட்டோ சார்ஜும் உங்களுது."

இந்தச் சந்தில் பிரிஸ்கில்லா சொன்னாள்: "சாமானும் நானே வாங்கிக்கறேம்மா. பில்லு தரேன். வூட்டு வெண்ணெ வேணாம்."

ஆண்டாளம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினு வந்தீங்களா? சரி போ. ஆனா மூக்கு அவரு மூக்கா இருக்கணும். இல்லைன்னா ஒரு ரூவா தர மாட்டேன்."

ஆட்டோ நகர்ந்ததும் செந்தமிழன் கேட்டான். "நானூறு எங்கேந்து வந்துச்சு?"

"ஒரு கிலோவுக்கு அர நாளு ஆவுது. கம்பெனியில அர நாளுக்கு எர்நூத்தம்பது. கரண்ட்டு, வீணாப் போறது எல்லாம் ஒரு எழுவது."

"மீதி எம்பது?"

"மூக்குக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஆண்டாளம்மாளின் கணவர் வேதகிரி, கேக்கின் மேல் உட்கார்ந்திருந்த தன்னையே வெகுநேரம் பார்த்தார். தன் தலையைத் தடவினார். மறுபடி கேக்கைப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் கத்தியை டிராக்டர் பக்கம் கொண்டுபோனார்கள். "வண்டி மேல வெக்காதீங்க, பக்கத்துல கீற வயல வெட்டுங்க" என்று சத்தம் போட்டு அவர்களை விலக்கினார். கேக் தீர்ந்த பிறகும் டிராக்டர் நின்றது. பெருநகரிலிருந்து வந்திருந்த உறவுக்காரம்மா ஒருவர் பிரிஸ்கில்லாவின் நம்பரை வாங்கிக்கொண்டு விலை கேட்டார். பிரிஸ்கில்லா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். வெண்ணெயைப் பற்றிப் பேசவில்லை.

கூடை கொண்டுவந்தவர்களிடமும் அதே கூலியைச் சொன்னாள். சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. உத்திரமேரூர் பேக்கரியில் அவர்களைப் பார்த்ததாகச் செந்தமிழன் சொன்னான். ஞானசுந்தரி மட்டும் இரண்டு நாள் கழித்துக் கூடை இல்லாமல் வந்து வாசலில் நின்றாள். மகளுக்கு வளைகாப்பு.

"எனக்கும் அதே நானூறுதானா?"

"ஆமாக்கா."

"பாரேன். என் வாயாலயே ஏத்திவுட்டுட்டேன்." இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். "குடுக்கறேன். ஆனா வளையலு பன்னெண்டு இருக்கணும். எண்ணுவேன்."

முப்பதாம் தேதி காலை ஷீபா போன் செய்தாள். பிரிஸ்கில்லாவின் கையில் மாவு. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"இன்னாடி, நாளைக்கு பஸ் ஏர்றியா?"

"இல்ல ஷீபா. வேற யாரயாச்சும் போட்டுக்க. எனக்கு இங்க வேல கீது."

"நெசமாவா?" என்றாள் ஷீபா. "சரி, அப்ப என் பொண்ணு பர்த்டேவுக்கு ரெண்டு கிலோ போடு. எவ்ளோ?"

"சாமானோட கிலோ எண்ணூறு."

"எனக்கே எண்ணூறா? இவ்ளோ நாளு எடம் புடிச்சு வெச்சேனே!"

"உனக்கும் எண்ணூறுதான்."

ஷீபா இரண்டு நிமிடம் திட்டினாள். பிரிஸ்கில்லா மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். குறைக்கவில்லை. திட்டி முடித்த ஷீபா, மேலே ஒரு யானை வேண்டும், யானை மூக்குக்கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்றாள்.