பில் போட்டாச்சாம்!

மூக்கம்மாளை அழ வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தலையில் அடித்துக்கொள்ள வைத்தவர்கள் அச்சங்குளம் முழுக்க இருந்தோம். நான் அவள் புருசனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். டீக்கடையில் பேப்பர் வாசித்துச் சொல்கிறவன். ஐம்பதுகளில் நடந்த அந்தக் கூத்துக்கு ஆரம்பமே என் வாய்தான்.

அவள் புருசன் பெத்தணன், கண்மாய் மடைத் தகராறில் பங்காளி கருத்தப்பாண்டியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். ஒரு வயல் தண்ணீருக்காக ஓர் உயிர். செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு என்றார்கள். ஐகோர்ட்டும் அதையே சொன்னது.

சாத்தூர் கோர்ட் வாசலில் மனு எழுதும் சங்கரபாண்டியன் அவளிடம் விவரமாகச் சொன்னார்.

"இனி கவர்னருக்குக் கருணை மனு ஒண்ணுதாம்மா இருக்கு. ஏழு நாளைக்குள்ள ஜெயில்ல கொண்டுபோய்க் குடுத்துரணும். ஊர்க்காரக அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போடட்டும். செத்தவரு சம்சாரமும் போட்டா ரொம்ப நல்லது."

அவள் மனுவோடு ஊர் திரும்பிய அன்று காலையில்தான் நான் ஒரு செய்தி வாசித்திருந்தேன். தூக்குத் தண்டனையை ஒழிக்கச் சட்டசபையில் ஒரு மெம்பர் மசோதா கொண்டுவரப் போகிறாராம். பேப்பரில் மசோதா என்றுதான் இருந்தது. எனக்கும் நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்று காட்டிக்கொள்ள, பில் போடுறாக என்று சொல்லித் தொலைத்தேன்.

பட்டாசு வட்டாரத்தில் பில் என்றால் என்ன அர்த்தம்? கம்பெனியில் பில் போட்டுவிட்டால் சரக்கு லாரி ஏறிவிட்டது என்று அர்த்தம். பெத்தணனின் தம்பி சோலைமலை சிவகாசியில் லோடு ஏற்றுகிறவன். அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"பில் போட்டாச்சுன்னா சோலி முடிஞ்சது. இனிமே தூக்கே கெடையாது."

பொழுது சாய்வதற்குள் ஊரே நம்பிவிட்டது. மூக்கம்மாள் வீடு வீடாகப் போனாள். "அதான் பில் போட்டாச்சே, மனு எதுக்கு?" என்றார்கள். "வந்த சட்டத்தை நம்பாம மனுக் குடுத்தா மேல உள்ளவுக கோவிச்சுக்கிட மாட்டாகளா?" என்று கேட்ட மேதாவியும் உண்டு. இப்படியே நாலு நாள் பாழாய்ப் போனது. ஒரு கையெழுத்து விழவில்லை.

ஐந்தாம் நாள் அவள் டீக்கடைக்கே வந்துவிட்டாள். ஆண்கள் உட்காரும் இடம் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"ஏலே சோலைமலை, பில் போட்டு லோடு ஏறாம நின்னதை நீ பார்த்ததே இல்லையா? போன சீசன்ல மழைன்னு ஆர்டரை ரத்து பண்ணுனாகளே, அந்தப் பில்லை என்ன செஞ்சீக?"

"கிளிச்சுப் போட்டோம், மதினி."

"இதையும் அப்படிக் கிளிச்சுப் போட்டுட்டா, ஒங்க அண்ணன் கழுத்தை எதை வச்சுலே ஒட்டுவ?"

முதல் கையெழுத்து சோலைமலை போட்டான், இரண்டாவது நான். ஒரு பொம்பளை கடைக்கு வந்து கத்திய பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் போட்டுவிட்டார்கள்.

ஆறாம் நாள் கருத்தப்பாண்டியின் மனைவி அய்யம்மாள் வீட்டுக்குப் போனோம். அய்யம்மாள் முற்றத்தில் மிளகாய் வத்தலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பில் போட்டாச்சுன்னு ஊரே சொல்லுதே. அப்பறம் என் கைநாட்டு எதுக்கு?"

"ஊரு ஒளறுது, அய்யம்மா. எனக்கு வேற வழி இல்லை."

அய்யம்மாள் வெகுநேரம் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்தாள்.

"எனக்கு இரக்கம்லாம் ஒண்ணும் இல்லைக்கா. ஒங்க வீட்டுக்காரரைத் தூக்குல போட்டா இந்த ஊரு அவருக்காக அளும். எம் புருசனை மறந்துரும். அவரு உசுரோட கெடக்கட்டும். தெனமும் எம் புருசனை நெனைக்கட்டும்."

பெருவிரலில் மையைத் தடவி, காகிதத்தில் அழுத்தி ஊன்றினாள்.

ஏழாம் நாள் மத்தியானம் மனு மதுரை ஜெயிலில் சேர்ந்தது. நாலு மாதம் கழித்துத் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றி உத்தரவு வந்தது. அந்தப் பில்லோ அதற்கு முன்பே சட்டசபையில் தோற்றுப்போயிருந்தது. அதையும் நான் டீக்கடையில் வாசித்தேன். யார் காதில் வாங்கினார்கள்? பில் பாஸாகிவிட்டது என்று சோலைமலை தெருவில் சரவெடி கொளுத்தினான். அதுவும் அய்யம்மாள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. மூக்கம்மாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வெடியின் மேல் ஊற்றினாள். பாதி அவன் மேல் விழுந்தது.

அடுத்த வாரம் அவளை ஜெயிலுக்குக் கூட்டிப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் பெத்தணன் சிரித்த முகமாக நின்றான்.

"பில்லு பாஸாயிருச்சாமே! சோலைமலை சொன்னான். மெட்ராஸ்ல நல்லவுக இருக்காக."

அவள் போட்ட சத்தத்தில் வார்டர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஒரு பில்லும் பாஸாகலை! மனுவுல அய்யம்மா கைநாட்டு வச்சா."

"அய்யம்மாவா? அவ எதுக்கு வச்சா?"

"நீங்க தெனமும் கருத்தப்பாண்டியை நெனைக்கணுமாம். அதுக்குத்தான்."

பெத்தணன் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் சொல்லும்வரை அவன் தலை நிமிரவில்லை.