சந்நிதி வரிசையில் ஒரு நூலகம்

குத்துக்கல்வலசையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய நூலகத்துக்கு நான் பல ஆண்டுகளாகக் கௌரவப் பொறுப்பாளன். அங்குள்ள நூல்களை அடுக்கியவனும் நானே. கோயிலுக்குள் நுழைந்தால் எந்தச் சந்நிதியை முதலில் வணங்குவோமோ, அந்த வரிசையில் அடுக்கினேன். வாசலருகே பிள்ளையார், அகராதிகள் அவருக்கு. அடுத்துச் சிவபெருமான், பதிகங்களும் தத்துவமும். அம்பாளிடம் சமையலும் குழந்தை வளர்ப்பும். மூலிகை மலையில் விளைவது, மலை முருகனுக்கு உரியது; ஆகவே மருத்துவ நூல்கள் முருகனிடம். சட்ட நூல்கள் காவல் தெய்வமான வைரவரிடம். எந்தத் தட்டிலும் பெயர் எழுதி ஒட்டவில்லை. வணங்குகிறவனுக்குத் தெரியாதா என்பது என் எண்ணம்.

உதவி நூலகராக எட்டு ஆண்டுகள் இருந்தவர் தென்காசியைச் சேர்ந்த ஓர் இஸ்லாமியப் பெண்மணி. கேட்ட நூலைக் கேட்ட கணத்தில் எடுத்துத் தருவார். ஆனால் அவருடையது ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் தற்காலிகப் பணி. அவர் கணவர் வளைகுடாவில் வேலை இழந்து ஊர் திரும்பியிருந்த சமயத்தில், அறக்கட்டளைச் செயலர் ஒரு கடிதம் அனுப்பினார். நூலகர்களுக்கான ஆறு வார இணையவழிப் பயிற்சியில் தேறினால் உதவி நூலகருக்குப் பணி நிரந்தரம். தேறாவிட்டால், தேறிய வேறொருவர் அந்த இடத்துக்கு வருவார்.

மாலைதோறும் கைப்பேசியை இரண்டு அகராதிகளுக்கு இடையே நிறுத்தி வைத்து அவர் பாடம் கேட்டார். நானும் அருகில் அமர்ந்துகொள்வேன். பாடம் தொடங்கும்போது என் கைகள் தாமாகக் குவியும். சென்னையிலிருந்து பாடம் நடத்திய ஆசிரியை ஒருநாள், "பக்கத்துல இருக்கிற ஐயாவும் சேர்ந்திருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், எங்க பொறுப்பாளர். சும்மா கேக்காங்க."

இறுதித் தேர்வு எளிமையானதாகவே தோன்றியது. அந்த நூலகத்துக்குள் ஒருமுறைகூட வந்திராத ஒருவர், சீட்டில் உள்ள மூன்று நூல்களைப் பத்து நிமிடத்துக்குள் தாமே தேடி எடுக்க வேண்டும். அதை வெட்டாமல் படமெடுத்துச் சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நூலகத்தார் வாய் திறந்தால் அந்தப் பதிவு செல்லாது.

புதன்கிழமை சாரல் பெருமழையாகி, அருவிகளில் குளிக்கத் தடை விதித்துவிட்டார்கள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர், வீடு திரும்பும் வழியில் எங்கள் வாசலில் ஒதுங்கினார். எங்கள் உதவி நூலகர் அம்மையார் விஷயத்தைச் சொல்லி உதவி கேட்டார். சீட்டில் ஒரு சமையல் நூல், ஒரு மூலிகை நூல், வாடகைச் சட்டம் பற்றிய ஒரு நூல்.

"மூலிகையா? நம்ம தொழிலாச்சேம்மா. வாசனையிலயே புடிச்சிருவேன்" என்று அவர் உள்ளே நுழைந்தார்.

ஏழு நிமிடம் ஆயிற்று. கையில் ஒரு நூலும் இல்லை.

"ஏம்மா, எண்ணெய் தேய்க்க உக்காந்தா எது தலை, எது முதுகுன்னு எனக்குத் தெரியும். இங்கன ஒண்ணும் புரியலயே."

அவர் விரல் மூலிகை நூலுக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. என்னால் பொறுக்க முடியவில்லை. "முருகன்கிட்ட பாரும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இங்கன முருகன் எங்க அண்ணாச்சி இருக்காரு?"

அம்மையார் படமெடுப்பதை நிறுத்திக் கைப்பேசியைத் தாழ்த்தினார்.

மழை விட்டுத் தொழிலாளி போனபின், "நீங்க மட்டும் எப்படிம்மா எடுக்கீங்க?" என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அதில் என் தட்டுகள் அனைத்தும் வரையப்பட்டிருந்தன. எந்தத் தெய்வத்திடம் எந்த நூல் என்பது அவர் கையெழுத்தில் இருந்தது.

"வந்த புதுசுல நீங்க சொன்னதக் குறிச்சு வச்சு, வீட்ல உக்காந்து மனப்பாடம் பண்ணுனேன் ஐயா. பிள்ளையார் அகராதி, அம்பாள் சமையல்னு. வெளிநாட்ல இருந்து எங்க வீட்டுக்காரர் போன்ல கேட்டுட்டு, என்ன புள்ள ஓதுதன்னு பயந்துட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சாமி கும்பிடுத மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க. அதைப் போயி நான் எப்படி மாத்தச் சொல்ல?"

பதிகத்தில் ஓர் அசை பிசகினாலும் என் செவி கண்டுகொள்ளும். எட்டு ஆண்டுகள் அருகிலேயே இருந்தவரின் பாட்டை அது கேட்கவில்லை. கோயிலில் சந்நிதிகளின் வரிசை, வருகிறவர் கால் தடுமாறாமல் இறைவனிடம் சேர்வதற்காக. நான் அடுக்கிய வரிசையில் எனக்கும் அவருக்கும் மட்டுமே வழி தெரிந்தது; அவருக்கும் அதைப் பாடுபட்டே கற்க வேண்டியிருந்தது.

வியாழனும் வெள்ளியும் எல்லாத் தட்டுகளையும் ஒழித்தோம். பயிற்சியில் சொன்னபடி அவர் பொருள்வாரியாக எண்ணிட்டார், நான் சுமந்தேன். பதிகங்கள் மட்டும் கீழ்த் தட்டுக்குப் போகவேண்டாமே என்று தயங்கிக் கேட்டேன்.

"அதுக்கு நம்பரே மேலதான் வருது ஐயா. கவலைப்படாதீங்க."

ஒவ்வொரு தட்டுக்கும் மேலே கொட்டை எழுத்தில் பொருளின் பெயரை ஒட்டினார்.

சனிக்கிழமை காலை அந்த எண்ணெய்த் தொழிலாளி, சாலையோரம் மங்குஸ்தான் பழம் விற்கும் தம் மனைவியை அழைத்து வந்தார். "நான் தோத்த பரீட்சையில இவ என்ன கிழிக்கான்னு பாப்போம்."

"பேசாம நில்லுங்க. வீட்ல உப்பு டப்பாவே உங்க கண்ணுக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் சீட்டை வாங்கிக்கொண்டார்.

என் நாவை நான் நம்பவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாரலில் நின்றபடி மனத்துக்குள் ஒரு பதிகம் ஓதத் தொடங்கினேன். ஆறாம் பாட்டில் கதவு திறந்தது.

"மூணையும் எடுத்துட்டாங்க ஐயா" என்றார் அம்மையார். அவருக்குப் பின்னால், தோற்றவரின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

மூன்று வாரங்களில் சான்றிதழும், அதைத் தொடர்ந்து பணி நிரந்தர ஆணையும் வந்தன. ஆணையை அவர் மேசையில் விரித்து இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு நன்றியாக ஒரு பதிகம் படிக்க எண்ணி எழுந்து போனேன். கை பழைய இடத்துக்கே சென்றது. எடுத்துப் பார்த்தால், கோழி வளர்ப்பு. திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் வாயைத் தொறந்தா செல்லாது ஐயா. மேல ஒட்டியிருக்கதப் பாருங்க."

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் தட்டிலிருந்து படித்துக்கொண்டே நடந்தேன்.