சாயங்காலம் ஆனால் திரும்பி வந்த நம்பர்

போன வாரம் ஒரு முதலாளி என்னைப் பார்த்துக் கைதட்டினார். அதுவும் அவருடைய ஆபீஸில், ஆட்கள் முன்னால்!

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேசுகிறேனே... நேரில் நான் வாயில்லாப் பூச்சி என்பது உங்களுக்குத் தெரியும். பத்தாங்கிளாஸோடு நின்றவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் வந்து, சின்னதாக ஒரு கடை போட்டு, நாலைந்து கம்பெனிகளுக்கு வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவனுக்குக் கைதட்டலா?

விஷயம் இதுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்திய அண்ணன் தம்பி இருவர் மனஸ்தாபத்தில் பிரிந்தார்கள். கம்பெனி தம்பிக்கு. அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகத் தறி போட்டார். வெப்சைட்டில் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருந்தது அண்ணனின் செல் நம்பர். அதை எடுத்துவிட்டுத் தம்பி நம்பரைப் போட வேண்டும். ஒரே ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி... அவ்வளவுதான்.

காலையில் போட்டேன். "வந்துருச்சு" என்றார் தம்பி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றுகிறேன் — போன்.

"அண்ணாச்சி, பழைய நம்பர்தான் வருது! கேரளா பார்ட்டி அதுல கூப்பிட்டு, எங்க அண்ணன் ஆர்டரை வாங்கிட்டாரு!"

"அது கேச், மொதலாளி. உங்க போன் பழைய பக்கத்தையே மனசுல வச்சுக்கிட்டுக் காட்டும். க்ளியர் பண்ணுங்க, போயிரும்."

போகவில்லை. மறுநாள் கடையில் பார்த்தால் என் கம்ப்யூட்டரிலும் பழசு. சரி, சர்வரிலும் கேச் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி மாற்றினேன். சாயங்காலம் மறுபடி பழசு. மறுபடியும் "கேச்" என்றேன். ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டால் போதுமே... எதற்கெடுத்தாலும் அதையே எடுத்து நீட்ட வேண்டியதுதான்!

தம்பி ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"காலையில இங்க வாரீய, எங்க நம்பர் வருது. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் போறீய, அண்ணன் நம்பர் வருது. அவரும் அங்கதான இருக்காரு? சொல்லுங்க அண்ணாச்சி... எம்புட்டு குடுக்காரு?"

இங்கே ஒரு கம்பெனியில் 'ஆள் சரியில்லை' என்று சொல்லிவிட்டால், டீ நேரத்துக்குள் எல்லாத் தறியிலும் தெரிந்துவிடும். அப்புறம் யார் என்னை நம்பி பாஸ்வேர்டைக் கொடுப்பார்கள்?

வழக்கம்போல் நம்பரை மாற்றிவிட்டு, அன்று கடையிலிருந்து நேரே சேத்தூருக்குப் போனேன். ஒரு கல்யாண ரிசப்ஷன். மனைவியும் அங்கே வந்துவிட்டாள்; ராத்திரி அங்கேயே தங்கிவிட்டோம். தம்பியிடமிருந்து போன் வரவில்லை. காலையில் எழுந்து என் செல்லில் பார்த்தால் — அவருடைய நம்பர் அப்படியே இருக்கிறது! புதிதாக நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே... வீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதானே?

ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பொறி தட்டியது.

வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அங்கே செய்கிற வேலை விட்டுப்போகக் கூடாதென்று, ஆன் செய்ததும் தன்னிடமுள்ள ஃபைல்களை அதுவாகவே சர்வருக்கு அனுப்பும்படி எப்போதோ செட் பண்ணியிருந்தேன். எது புதுசு, எது பழசு என்று பார்க்கச் சொல்லவில்லை. மனைவி தையல்காரி. சாயங்காலமானால் பிளவுஸ் டிசைன் பார்க்க அதை ஆன் செய்வாள். அவள் கழுத்து டிசைன் தேடுகிற நேரத்தில், வீட்டிலிருக்கும் பழைய ஃபைல் போய்ப் புது ஃபைல் மேல் உட்கார்ந்துவிடும்!

பழியைக் கேச் மேல் போட்டுவிட்டு, குற்றவாளிக்கு நானே கரண்ட் பில் கட்டியிருக்கிறேன்.

மனைவி வீடு போய்ச் சேரும்வரை கடையில் இருந்துவிட்டு, கம்பெனிக்குப் போனேன். விளக்கிச் சொல்ல எனக்கு வராது. காட்டத்தான் வரும். தம்பியின் போனில் கேச்சை க்ளியர் செய்து, அவருடைய நம்பர் தெரிவதைக் காட்டினேன். பிறகு என் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணு."

"இந்நேரத்துலயா? அடுப்புல கொழம்பு கொதிக்கு. எதுக்குங்க?"

"பண்ணு, பொறவு சொல்லுதேன்."

செத்த நேரம் ஆனது. கணக்கர், பேக்கிங் ஆட்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். "இப்ப ரிஃப்ரெஷ் பண்ணுங்க, மொதலாளி" என்றேன்.

அண்ணன் நம்பர்!

தம்பி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்... படபடவென்று கைதட்டினார். "அண்ணாச்சி மேல தப்பே இல்லப்பா. அவுக வீட்டம்மாதான் எங்க அண்ணன் கட்சி!"

"யாரு... எந்தக் கட்சி?" என்றது ஸ்பீக்கர்.

ஆபீஸே சிரித்தது. கூட்டத்தின் நடுவே நானும் சத்தமாகச் சிரித்தேன் — எனக்கே புதுசு அது. அங்கேயே நின்றுகொண்டு, அந்த செட்டிங்கை எப்படி எடுப்பதென்று நான் சொல்லச் சொல்ல, மனைவி எடுத்தாள். புது நம்பரைப் போட்டேன். அன்று சாயங்காலமும் அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். போன் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அண்ணனிடமிருந்து!

"ஒங்க வேலை சுத்தம்னு தம்பி ஆபீஸ்ல பேசிக்கிட்டாகளாம். எனக்கும் ஒரு வெப்சைட் போடணும். ஒண்ணே ஒண்ணு... தப்பித் தவறிக்கூட அதுல தம்பி நம்பர் வந்துறப்படாது!"

ஒத்துக்கொண்டேன். மனைவிக்குத்தான் ஒரே கவலை — "அப்ப இனிமே நான் யாரு கட்சி?"